ஆளைப் பார்த்துப் பேசும் கருவி

அருங்காட்சியகத்தில் ஒரு சிலைக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்புப் பலகை எல்லாருக்கும் ஒன்றுதான். சரித்திரம் படித்தவருக்கும் அதே நாலு வரி, எங்க குடும்பத்திலேயே முதன்முதலா படிக்க வந்த எனக்கும் அதே நாலு வரி. அவருக்கு அது பத்தாது, எனக்குப் பாதி புரியாது.

ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் மியூசியத்தில் 1952-லேயே ரேடியோ மூலம் விளக்கம் ஒலிபரப்பினார்கள். ஆனால் எல்லார் காதிலும் ஒரே பேச்சு. ஆளுக்குத் தக்கபடி பேச வைக்க இத்தாலியின் ட்ரென்டோ நகரில், 2000-க்குப் பிறகு ஓர் ஆராய்ச்சி நடந்தது. அங்குள்ள கோட்டையின் அக்விலா கோபுரத்தில் 1400-ஐ ஒட்டி வரையப்பட்ட பன்னிரண்டு மாத ஓவியங்கள் இருக்கின்றன. மார்ச் மட்டும் அழிந்துபோய் மிச்சம் 11. பிரபுக்கள் பனி உருண்டை எறிந்து விளையாடுவதும் உண்டு, குடியானவர்கள் பாடுபடுவதும் உண்டு.

ஒவ்வொரு ஓவியத்துக்கும் ஓர் இன்ஃப்ராரெட் கருவி வைத்தார்கள். நம்ம டி.வி. ரிமோட்டில் இருக்கிற அதே சங்கதிதான்! கையிலுள்ள குட்டிக் கம்ப்யூட்டர் அந்தக் கதிரை வாங்கி, ஆள் எங்கே நிக்கிறார் என்று கண்டுபிடிக்கும். திரையில் ஒரு முள். பிடித்தால் ஒரு பக்கம், பிடிக்காவிட்டால் மறுபக்கம் நகர்த்தலாம். அதற்கேற்ப அடுத்த ஓவியத்தில் பேச்சு நீளும் அல்லது சுருங்கும்.

முள்ளே வேண்டாம், நடையே போதும் என்பவர்களும் உண்டு. 1983-ல் வெரோன், லெவாசர் என்ற இருவர் பார்வையாளர்களை நாலாகப் பிரித்தார்கள். எறும்பு, சுவரோரமா ஒன்றுவிடாமல் பார்க்கும். பட்டாம்பூச்சி, இங்கும் அங்கும் மாறி மாறிப் போகும். வெட்டுக்கிளி, பிடித்ததுக்கு மட்டும் தாவும். மீன், நடுவிலேயே நீந்திப் போய்விடும். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் இதைக் கருவிக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

எனக்கு இங்கேதான் உறுத்துகிறது. நடுவில் நடப்பவனுக்கு ஆர்வமில்லை என்று யார் சொன்னது? கிட்டப் போனா காவலாளி திட்டுவாரோ என்ற பயமாவும் இருக்கலாமே! நம்மைப்போல முதல்முறை உள்ளே நுழைகிறவன் அப்படித்தான் நடப்பான். அவனை மீன் என்று முடிவுகட்டிப் பேச்சைக் குறைத்தால், அதிகம் தேவைப்படுகிறவனுக்கே கொஞ்சம்தான் கிடைக்கும். அந்த வகையில் ட்ரென்டோ முள் எவ்வளவோ மேல். அது பார்க்க வந்தவர் கையிலேயே இருந்தது.

நாளைக்கு நம்மில் யாராவது இப்படி ஒன்று செய்தால், 'முதலிலிருந்து சொல்லு' என்று ஒரு பட்டனும் வையுங்கள். மனுஷ வழிகாட்டியிடம் அதைக் கேட்க வெட்கம். பட்டனை யாருக்கும் தெரியாமல் அமுக்கிவிடலாம்.