சலக்கடுப்பும் நோவு மாத்திரையும்: புத்தளக் கரையோர உழைப்பை முன்வைத்து ஒரு விளக்கம்

நீர்க்கடுப்பு என்றும் சலக்கடுப்பு என்றும் நம்மிடை வழங்கும் நோய்ப்பெயர்கள் நோயின் காரணத்தைச் சுட்டுவனவல்ல. அதன் நோவையே சுட்டுவன. நோயுற்றோர் முதலில் உணர்வது நோவையே ஆதலின் இது இயல்பானதே. ஆயின் நோவு தணிந்ததும் நோய் தீர்ந்தது என்று கொள்ளுமிடத்து இடர் தோன்றுகின்றது. அம்மயக்கத்தையும் அதற்குரிய சமூகக் காரணத்தையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சலக்கடுப்பைப் பெரும்பாலும் தோற்றுவிப்பது எசரிக்கியா கோலை என்னும் பற்றீரியா. குடலில் வாழும் இது சிறுநீர்வழியாக மேலேறிச் சிறுநீர்ப்பையின் உட்சுவரை அழற்சியுறச் செய்கின்றது. பெண்களின் சிறுநீர்வழி ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் நீளமே உடையது. எனவே அவர்களே பெரிதும் பாதிப்புறுகின்றனர். சிறுநீர் அடிக்கடி கழியும்போது பற்றீரியாவும் உடன் கழுவப்படுகின்றது. நீர் குறைவாக அருந்தி, நோயும் அடிக்கடி கண்ட பெண்களிடையே நடத்தப்பெற்று 2018இல் வெளியான ஆய்வொன்றில், நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் நீரைக் கூடுதலாக அருந்தியோரிடம் நோய் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது.

இவ்வுண்மையைக் கற்பிட்டி முதல் சிலாபம் வரையுள்ள கரையோரத்தில் வைத்து நோக்குதல் வேண்டும். உப்பளத்திலும் கருவாட்டு வாடியிலும் வெங்காயத் தோட்டத்திலும் கடும் வெயிலில் உழைக்கும் பெண், அருகில் மலசலகூடம் இல்லாதவிடத்து நீர் அருந்துவதையே தவிர்க்கின்றாள். வந்த சலத்தையும் அடக்குகின்றாள். ஒருநாள் வேலையை விட்டு வைத்தியசாலைக்குச் செல்வது ஒருநாட் கூலியை இழப்பதாகும். கடையில் வாங்கும் மாத்திரையோ அன்றைய வேலையைத் தொடரச் செய்கின்றது. ஆகவே அவள் மாத்திரையை நாடுவது வெறும் அறியாமையன்று. உழைப்பின் நிபந்தனைகள் அவள்மீது திணிக்கும் தெரிவாகும்.

நோவு மாத்திரைக்கு உரிய இடமும் உண்டு. பரசிற்றமோல் நோவைத் தணிக்கும், காய்ச்சலையும் தணிக்கும். வளர்ந்தோர் 24 மணித்தியாலத்தில் 4 கிராமுக்கு மேல், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல், உட்கொள்ளலாகாது. இபுபுறோபன், டைகுளோபினாக் போன்றவை அழற்சியைத் தூண்டும் புரொஸ்ரகிளாண்டின் என்னும் பொருளின் ஆக்கத்தைத் தடுப்பவை. உடலில் நீர் வற்றிய வேளையில் சிறுநீரகத்துக்குரிய குருதியோட்டத்தைப் பேணுவதும் அப்பொருளே. எனவே வெயிலில் வியர்த்து, நீர் அருந்தாது உழைப்போர் இவ்வகை மாத்திரைகளை உட்கொள்வது சிறுநீரகத்துக்கே ஊறாகலாம். கருவுற்றோரும் குடற்புண் உடையோரும் இவற்றைத் தாமாக உட்கொள்ளலாகாது.

இம்மருந்துகள் எவையும் பற்றீரியாவை அழிக்கும் நுண்ணுயிர்கொல்லிகளுக்கு ஈடாகா. 2015இல் வெளியான ஜேர்மனிய ஆய்வொன்றில், சிக்கலற்ற சலக்கடுப்புற்று முதலில் இபுபுறோபன் மாத்திரம் பெற்ற பெண்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் நுண்ணுயிர்கொல்லியின்றியே குணமுற்றனர் என்பது உண்மையே. ஆயினும் அவர்கள் வைத்தியரின் கண்காணிப்பில் இருந்தவர்கள். எஞ்சியோருக்கு நுண்ணுயிர்கொல்லி தேவைப்பட்டது. நோவும் அக்குழுவினருக்கு நீடித்திருந்தது. கண்காணிப்பு அற்ற வாடிக்கு அம்முடிவை அப்படியே பொருத்துதல் தவறாகும்.

குளிர்காய்ச்சல், விலாப்புற நோவு, வாந்தி, சலத்தில் குருதி ஆகியன தோன்றின் தொற்றுச் சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம், தாமதம் கூடாது. கருவுற்றோர், நீரிழிவுடையோர், குழந்தைகள், ஆண்கள் ஆகியோர் இக்குறிகள் தோன்றுமுன்னரே வைத்தியரை நாடல் வேண்டும். நோவு மாத்திரை காய்ச்சலையும் மறைக்கவல்லது என்பது இவ்விடத்து மனங்கொளத்தக்கது. புத்தளம், கற்பிட்டி, சிலாபம் ஆகிய இடங்களிலுள்ள அரசினர் வைத்தியசாலைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம்.

1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியபோது அதன் முதற்றலைவராக விளங்கிய பேராசிரியர் சேனக பிபிலே, மருந்து இலாபத்துக்கன்றி மக்களின் தேவைக்கே உரியது என்னும் கொள்கையை நடைமுறைப்படுத்த முனைந்தார். அக்கொள்கையை இன்னும் ஒருபடி முன்கொண்டு செல்லுதல் தகும். மாத்திரை மலிவாகக் கிடைப்பது மாத்திரம் போதாது. வேலைத்தலத்தில் குடிநீரும் மலசலகூடமும் கூலி குறையாத ஓய்வும் கிடைத்தல் வேண்டும். நோவு ஒரு செய்தி. அதனைத் தணிப்பது மனிதநேயம். அச்செய்தி கூறும் காரணத்தை மாற்றாது விடின் அந்நோவு மீண்டும் வரும்.