அது அழுக்கல்ல



கழுத்து கறுத்திருக்கும் ஒரு மாணவியைக் கண்டால், "ஒழுங்காகத் தேய்த்துக் குளிப்பதில்லையா?" என்று யாராவது கேட்டுவிடுகிறோம். அவளும் வீட்டுக்குப் போய்த் தேசிக்காய்த் தோலால் கழுத்தைத் தேய்க்கிறாள். தோல் எரிகிறதே தவிரக் கருமை போவதில்லை. ஏனெனில் அது அழுக்கல்ல. பெரும்பாலும் ஓமோன் மாற்றத்தின் அடையாளம்.

சுரப்பிகள் இரத்தத்தில் கலந்துவிடும் இரசாயனத் தூதுவர்களே ஓமோன்கள். இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது உடல் அதை மேலதிகமாகச் சுரக்கிறது. அந்த மிகை, தோற் கலங்களைத் தூண்டுவதால் கழுத்து, அக்குள் போன்ற மடிப்புகள் தடித்துக் கறுக்கின்றன. உடற்பருமன் உள்ளவர்களிடம் இது அதிகம்.

அந்திரஜன் ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. பெண்களிடமும் சிறிதளவு உண்டு. பூப்பெய்தும் வயதில் அது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுவதால் முகப்பரு வருகிறது. மாதவிடாய்க்குச் சில நாட்கள் முன்னர் பரு கூடுவதும் ஓமோன்களின் ஏற்ற இறக்கத்தாலேயே. ஆனால் தீராத பருவுடன் நாடியில் தடித்த உரோமம், தலைமுடி ஐதாதல், மாதவிடாய் மாதக்கணக்கில் தள்ளிப்போதல் ஆகியனவும் சேர்ந்தால், சூலகத்தோடு தொடர்புடைய ஓமோன் கோளாறாக இருக்கலாம்.

தைரொயிட் ஓமோன் குறைந்தால் தோல் வரளும், நகம் எளிதில் உடையும், முடி கொட்டும், எந்நேரமும் களைப்பாக இருக்கும். இந்த ஓமோனை உருவாக்க அயடீன் தேவை. கண்டி உட்பட எமது நாட்டின் ஈரவலயப் பகுதிகளில் கழுத்துக் கழலை ஒரு காலத்தில் பரவலாகக் காணப்பட்டது. அதனாலேயே 1995 முதல் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. அந்த உப்பை மூடிய பாத்திரத்தில் வைத்து, சமையலின் இறுதியில் சேர்ப்பது நல்லது.

எமது தாய்மாரிடமும் இம்மாற்றங்களைக் காணலாம். பிள்ளை பிறந்து சுமார் மூன்று மாதங்களில் முடி கொத்தாக உதிரும். பெரும்பாலும் ஓராண்டுக்குள் மீண்டும் வளர்ந்துவிடும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்திரஜன் குறைவதால் தோல் மெலிந்து வரளும்.

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பே. பர்தாவுக்குள் இருக்கும் முடியை யாரும் காண்பதில்லை என்பதற்காக, அளவுக்கு மீறிக் கொட்டுவதையும் மறைத்துவிட வேண்டாம். இரும்புச்சத்துக் குறைவும் முடியை உதிர்க்கும். ஓர் இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.

பெயர், விபரம் இல்லாத வெண்மையாக்கும் கிறீம்களை நம்பாதீர்கள். அவற்றுட் சிலவற்றில் கலந்திருக்கும் ஸ்டீரொயிட் தோலை மெலியச் செய்யும். இரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். உள்ளே இருக்கும் காரணத்தை அவை தொடுவதுமில்லை.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் பாடசாலைக்கு மருத்துவப் பரிசோதனைக்கு வரும்போது கூச்சமின்றிக் கேளுங்கள். மூன்று மாதங்களுக்கு மேல் மாதவிடாய் வராவிட்டால் உம்மாவிடம் சொல்லி வைத்தியரை நாடுங்கள்.

இனி ஒரு தோழியின் கழுத்தோ நாடியோ கண்ணில் பட்டால் கேலி வேண்டாம். அவளுடன் வைத்தியரிடம் துணைக்குப் போவோம்.