‘சுளுக்குதானே, நாலு நாள்ல சரியாயிடும்!’ - அஞ்சாவது நாள்தான் சிக்கலே!

ஞாயிற்றுக்கிழமை காலை, ராயபுரத்தில் ஒரு கால்பந்து ஆட்டம். தலையால் முட்ட எகிறியவன் இறங்கும்போது பாதம் உள்பக்கமாக மடங்கிவிடுகிறது. பத்தே நிமிடத்தில் கணுக்கால் பன் மாதிரி வீங்குகிறது.

அப்புறம் நடப்பது நமக்கெல்லாம் தெரிந்த கதை. ஏரியா அண்ணன் ஒருவர் காலைப் பிடித்து ‘டக்’கென்று சுளுக்கு எடுப்பார். வீட்டில் எண்ணெயைச் சூடாக்கி உருவிவிடுவார்கள். மூன்று நாள் படுக்கை. வீக்கம் வற்றியதும், அடுத்த ஞாயிறு அதே மைதானம். மறுபடி அதே கால்!

பள்ளி நாள்களில் என் வலது கணுக்கால் இப்படி மூன்று முறை மடங்கியது. மாடிப்படி இறங்கும்போது இன்றும் கைப்பிடியைத் தேடுகிறேன்.

ஏன் அதே கால்? எலும்புகளை இணைக்கும் தசைநாரில், பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் இருக்கின்றன. சுளுக்கும்போது நாரோடு சேர்ந்து அவையும் பாதிக்கப்படுகின்றன. வீக்கம் தானாக வற்றிவிடும். அந்த உணர்வைப் பெரும்பாலும் பயிற்சி கொடுத்துத்தான் மீட்க வேண்டும். பிசியோதெரபியின் முக்கியமான வேலையே இங்குதான். கரன்ட் வைப்பதும் மெஷின் ஒத்தடமும் துணை வேலைகள்தான்.

முதல் இரண்டு நாள் சூடும் வேண்டாம், உருவுவதும் வேண்டாம். கிரேப் பேண்டேஜ் சுற்றி, தலையணை மேல் காலை உயர்த்தி வையுங்கள். வலி அதிகமென்றால் ஐஸைத் துணியில் சுற்றி 10 நிமிடம் வைக்கலாம். ‘ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல்’ என்ற சூத்திரத்தை 1978-ல் சொன்னவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். முழு ஓய்வும் ஐஸும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் அவரே மாற்றிச் சொன்னார்! அதனால், வலி பொறுக்கிற அளவுக்கு மெல்ல நடக்கத் தொடங்குவது நல்லது.

ஆனால், நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லையா? கணுக்கால் மொட்டு எலும்பின் பின்பக்கம் அழுத்தினால் உயிர் போகிறதா? எலும்பு முறிவாக இருக்கலாம். எக்ஸ்ரே எடுக்காமல் யாரிடமும் காலைக் கொடுக்காதீர்கள், எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும்!

வலி குறைந்ததும் குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒற்றைக்காலில் நிற்பது, கடைசியாகக் குதிப்பது என்று படிப்படியாகப் போக வேண்டும். அடிபட்ட காலால் மட்டும் வலியில்லாமல் தாவ முடிகிறதா, ஓடிக்கொண்டே சட்டென்று திரும்ப முடிகிறதா? அதற்குப் பிறகுதான் ஆட்டம். சாதாரணச் சுளுக்குக்கே சில வாரங்கள் ஆகும்.

இதே கணக்கு காசிமேட்டிலும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். தடை முடிந்த மறுநாளே வலையும் ஐஸ் பெட்டியும் மீன் கூடையுமாக முழு பாரம். இரண்டு மாதம் பயிற்சியில்லாத விளையாட்டு வீரரை நேராக ஃபைனலில் இறக்கினால் என்ன ஆகுமோ, அதுதான் முதுகுக்கும். ஜூன் முதல் வாரத்திலிருந்தே தினமும் உட்கார்ந்து எழுவதையும், முதலில் பாதி பாரம், பிறகு முக்கால் பாரம் என்று தூக்குவதையும் பழகிக்கொண்டால் உடம்பு தயாராகிவிடும்.

முதுகு பிடித்துக்கொண்டால் ஒரு வாரம் படுத்துக் கிடக்காதீர்கள். ஓரிரு நாளில் எழுந்து நடமாடுங்கள். கால் மரத்து பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி உணர்வு குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

எண்ணூர், திருவொற்றியூர் தொழிற்சாலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மெஷினில் அறுபட்ட விரல் நாணைத் தைத்துவிட்டாலே வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். கை அறுவை சிகிச்சைக்குப் பேர்போனது நம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. ஆனால் தையல் பாதி வேலைதான். பிசியோதெரபிஸ்ட் சொல்கிற தேதியில், சொல்கிற அளவுக்கு விரலை அசைக்காவிட்டால் தழும்பு ஒட்டிக்கொண்டு விரல் மடங்காமல் போகும். ‘லீவு கிடைக்கல’ என்று விட்டால், அந்தக் கையால் அப்புறம் ஸ்பானர் பிடிப்பதே சிரமம்.

தனியார் கிளினிக்குக்குச் செலவாகுமே என்று தயங்குபவர்கள், பக்கத்து அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவைக் கேளுங்கள். படுத்த படுக்கையாகவோ, வெளியே வர முடியாமலோ பெரியவர்கள் இருந்தால், 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

நான் இப்போது பல் தேய்க்கும்போது சுவரோரம் ஒற்றைக்கால் தவம் செய்கிறேன். இடது காலில் 30 நொடி சுலபம். வலது கால் இன்னும் 22-ஐத் தாண்டவில்லை.