மெழுகுக்கு முன்னால் கழுவுங்கள்

கார் அலங்காரப் பொருள்கள் விற்கும் கடையில் மெழுகு அலமாரிக்கு முன்னால் நின்றால், இரண்டு வாசகங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஒன்று, ‘அசல் பிரேசில் கார்னௌபா’. இன்னொன்று, ‘நூறு சதவீதம் சுத்தமான கார்னௌபா’. இந்த இரண்டுக்காகவும் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. சந்தைக்கு வரும் கார்னௌபா மெழுகு எல்லாமே பிரேசில் சரக்குதான். கலப்பில்லாத கார்னௌபாவையோ யாரும் காரில் தேய்க்கவே முடியாது. அது நகத்தால் கீற முடியாத அளவுக்குக் கெட்டியான, தட்டினால் சில்லு சில்லாக உடையும் பொருள். கரைப்பானும் எண்ணெயும் சேர்த்து இளக்கினால்தான் பூச வரும். டப்பாவில் ‘நூறு சதவீதம்’ என்று போட்டிருந்தால், வேறு வகை மெழுகு சேரவில்லை என்று மட்டும் பொருள் கொள்ளலாம். உள்ளே எவ்வளவு மெழுகு இருக்கிறது என்பதற்கு அதில் பதில் இல்லை.

அந்த மெழுகு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், அதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெரிந்துவிடும். பிரேசிலின் வடகிழக்கில் சியாரா, பியாவி, ரியோ கிராண்டே டோ நோர்ட்டே மாநிலங்கள் ஆண்டில் பாதிக்கு மேல் காய்ந்து கிடக்கும் பூமி. அங்கே ஆற்றோரங்களில் வளரும் கார்னௌபா, நம் பனைக்குத் தூரத்து உறவு. அதே விசிறி ஓலை, அதே நெடுமரம். உள்ளிருக்கும் ஈரத்தை வெயில் உறிஞ்சிவிடாமல் இருக்க, ஓலையின் மேல் தானே ஒரு மெழுகுப் படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. ஆண்டின் பிற்பகுதியில், மழை இல்லாத மாதங்களில், நீண்ட கழியின் நுனியில் வளைந்த கத்தியைக் கட்டி ஓலைகளை அறுத்து இறக்குவார்கள். வெயிலில் பரப்பிக் காயவைத்து, கிழித்து அடித்தால் மெழுகு பொடியாக உதிரும். ஓர் ஓலைக்குச் சில கிராம்தான் தேறும். அந்தப் பொடியை உருக்கி வடிகட்டி ஆறவைத்தால் கார்னௌபா. விரியாத குருத்தோலையில் கிடைப்பது வெளிர் மஞ்சளான முதல் தரம். முற்றிய ஓலையில் கிடைப்பது பழுப்பேறிய அடுத்த தரங்கள். அறுப்பதால் மரம் சாவதில்லை, மீண்டும் தழைக்கும். 2004இல் சியாரா அரசு இதைத் தன் மாநில மரமாக அறிவித்தது.

இந்த வேலையில் ஈடுபடும் கூலியாட்களின் நிலைமையையும் சொல்லாமல் விடக் கூடாது. வெட்டவெளியில் படுத்து, கலங்கல் தண்ணீர் குடித்து, அடிமைகளுக்குச் சமமான நிலையில் வேலை செய்தவர்களைப் பிரேசில் தொழிலாளர் துறை அதிகாரிகள் சோதனை நடத்தி மீட்டிருக்கிறார்கள். 2017இல் ஜெர்மன் தொலைக்காட்சியில் வெளியான ஆவணப்படம் ஒன்று இதை ஐரோப்பாவில் பேசுபொருளாக்கியது. மிட்டாயின் பளபளப்புக்கும் மாத்திரையின் மேற்பூச்சுக்கும் உதட்டுச் சாயத்துக்கும் போவது இதே மெழுகுதான். விலையில் ஒரு பங்காவது ஓலை அறுப்பவர் கைக்குப் போகிறதா என்று கேட்க, வாங்குகிற எல்லோருக்கும் உரிமை இருக்கிறது.

இயற்கையில் கிடைக்கும் மெழுகுகளில் மிகக் கடினமானது இது. உருகுநிலை 82 முதல் 86 டிகிரி செல்சியஸ். தேன்மெழுகு 62, 64 டிகிரியிலேயே உருகிவிடும். அமெரிக்காவின் ரசீன் நகரில் தரை மெழுகு தயாரித்து வளர்ந்த எஸ்.சி. ஜான்சன் நிறுவனத்தின் தலைவர் ஹெர்பர்ட் ஜான்சன், 1935இல் நீரிலும் நிலத்திலும் இறங்கும் சிகோர்ஸ்கி விமானத்தில் பிரேசிலுக்கே பறந்துபோய் இந்த மரத்தைத் தேடிப் பார்த்தார். அவர் மகன் சாம் 1998இல் அதே மாதிரி விமானத்தைப் புதிதாகச் செய்யவைத்து, அதே பயணத்தை மறுபடி மேற்கொண்டார்.

மரத்துக்கு இவ்வளவு காவல் தரும் மெழுகு காரில் ஏன் ஒன்றிரண்டு மாதத்தில் போய்விடுகிறது? ஓலை புதுப் படலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும், கார் சுரக்காது. டப்பாவுக்குள் இருப்பதும் கார்னௌபா மட்டும் அல்ல. குழம்பு மெழுகில்கூட அதன் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டுவது அரிது. மீதியெல்லாம் கரைப்பான், எண்ணெய், வேறு மெழுகுகள். எண்ணெய் கூடினால் ஆழமான, ஈரம் சொட்டுவது போன்ற பளபளப்பு கிடைக்கும், ஆயுள் குறையும். பாலிமர் அல்லது சிலிக்கோன் சேர்த்த கலப்பு மெழுகுகளில் பளபளப்பு ஒரு மாற்று குறைவாக இருக்கலாம், ஆனால் மூன்று நான்கு மாதம் தாங்கும். தினமும் வெயிலில் நிற்கும் காருக்கு நான் கலப்பு மெழுகைத்தான் சொல்வேன். கண்காட்சிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் போகும் பழைய அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் எண்ணெய்ப் பசை மிகுந்த கார்னௌபாவே அழகு. ‘கிளீனர் வாக்ஸ்’ என்று எழுதியிருந்தால் அதில் மெல்லிய தேய்ப்புத்தூள் இருக்கிறது. மங்கிப்போன பெயின்டுக்கு ஒரே தடவையில் வேலை முடியும். ஏற்கெனவே பாலிஷ் செய்த காருக்கு அது தேவையில்லை. தெளிக்கும் மெழுகு, நல்ல பூச்சின் ஆயுளைக் கொஞ்சம் நீட்டும் துணை மட்டுமே.

மெழுகு எதைக் காக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். தகரத்தின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். இந்தக் கடைசி அடுக்கின் கனம் 40, 50 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்று ஒரு மைக்ரான். ஒவ்வொரு பாலிஷும் இதிலிருந்து கொஞ்சம் எடுத்துவிடும், எடுத்தது திரும்ப வராது. மெழுகு அப்படி எதையும் எடுப்பதில்லை. மேலே ஒரு பலிப் படலமாக உட்கார்ந்து, முதல் அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. காக்கை, புறா எச்சத்தில் உள்ள அமிலம், சூட்டில் இளகி நிற்கும் கிளியர் கோட்டைச் சில மணி நேரத்திலேயே அரித்துக் குழியாக்கும். மெழுகு இருந்தால் துடைத்தெடுக்க உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். கீறலை அது தடுக்காது, கல்லடியைத் தாங்காது.

ஆயுளின் பெரும்பகுதி டப்பாவைத் திறக்கும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. அழுக்கின் மேல் பூசிய மெழுகு அழுக்கோடு சேர்ந்து போய்விடும். எனவே முதலில் காருக்கென்று உள்ள ஷாம்பூ, இரண்டு வாளி. ஒன்றில் நுரை, மற்றதில் துணியை அலசும் வெறும் தண்ணீர். ஒரே வாளியில் முக்கி முக்கித் துடைத்தால், மண் துணியோடு திரும்பி வந்து சுழல் சுழலாகக் கீறும். வெயிலில் கருப்பு காரின் மேல் சிலந்திவலை மாதிரி தெரிவது அந்தக் கீறல்தான். பாத்திரம் கழுவும் சோப்பு பழைய மெழுகை அரித்துவிடும் என்பதால் வழக்கமான கழுவலுக்கு ஆகாது. கழுவிக் காய்ந்த பிறகு, கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று உணர்ந்தால், பிரேக்கிலிருந்து தெறித்த இரும்புத் துகள், தார்ப் புள்ளி, மரப்பிசின் எல்லாம் ஒட்டியிருக்கின்றன. கடைகளில் ‘கிளே பார்’ என்று கேட்டால் கிடைக்கும் களிமண் கட்டியை, வழுவழுப்பான நீரைத் தெளித்து, அழுத்தாமல் ஓட்டினால் அவை பிடுங்கிக்கொண்டு வரும். கட்டி தரையில் விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதில் ஒட்டிய ஒரு மணல் போதும், பெயின்டு முழுக்கக் கோடு போட. இந்த வேலை முடிந்த காரில் கை வழுக்கும். மெழுகு பிடிப்பது அந்த மேற்பரப்பில்தான்.

பூசுவது நிழலில். உலோகத்தின் மேல் புறங்கையை வைத்தால் சூடே தெரியக் கூடாது. சித்திரை வெயிலில் நின்ற காரின் பானெட் 60, 70 டிகிரியைத் தொடும். அதன் மேல் பூசினால் கரைப்பான் நொடியில் பறந்து, மெழுகு திட்டுத்திட்டாக இறுகிவிடும். அதிகாலையோ, கூரை போட்ட இடமோ நல்லது. ஈரமாக்கிப் பிழிந்த நுரைப் பஞ்சில் சிறிதளவு எடுத்து, ஒரு கதவு, ஒரு பானெட் என்று பகுதி பகுதியாகப் பரப்புங்கள். தோசைக்கல்லில் எண்ணெய் தடவும் அளவு போதும். கனமாகப் பூசினால் கூடுதல் காவல் கிடைக்கும் என்ற நம்பிக்கை தவறானது. பிடிமானம் மேற்பரப்பைத் தொட்ட படலத்துக்கு மட்டுமே. மற்றதெல்லாம் துணியோடு போகும், துடைக்கக் கையும் வலிக்கும். வெண்மை படர்ந்ததும் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு பளிச்சென்று சுத்தமாகத் தெரிந்தால் துடைக்கலாம்; பிசுபிசுத்தால் காத்திருங்கள். மைக்ரோஃபைபர் துணியை மடித்து, முகம் மாற்றி மாற்றி மெல்லத் துடைக்க வேண்டும். ஒரு நாள் விட்டு இரண்டாவது பூச்சு கொடுத்தால், முதல் தடவை கை படாத இடங்களும் நிரம்பும். சொரசொரப்பான கருப்பு பிளாஸ்டிக்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கறையாக ஏறிக்கொள்ளும், எடுப்பது சிரமம்.

மழையில் தண்ணீர் முத்து முத்தாக உருளுவதை எல்லோரும் ரசிக்கிறார்கள். ஆனால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவும் வீடுகளில் அந்த முத்துகளே வினையாகும். ஒவ்வொரு துளியும் வெயிலில் வற்றி, தன்னிடமிருந்த சுண்ணாம்பு உப்பை ஒரு வெள்ளை வட்டமாக விட்டுச் செல்லும். கடின நீர்தான் வழி என்றால், வெயில் ஏறும் முன் கழுவி உடனே ஈரத்தை ஒற்றி எடுத்துவிட வேண்டும். முத்துகள் தட்டையாகிப் படர ஆரம்பித்தால் மறுபூச்சுக்கு நேரம் வந்துவிட்டது. நம் கோடையில் அது டப்பா சொல்லும் காலத்துக்கு முன்பே வரும்.

பளபளப்பில்லாத மேட் பெயின்டுக்கு இந்த மெழுகு கூடாது. டிங்கரிங் முடிந்து புதிதாகப் பெயின்டு அடித்த பாகத்துக்கும், கரைப்பான் முழுதும் வெளியேறும்வரை, பெயின்டு தயாரித்த நிறுவனம் சொல்லும் காலத்துக்குப் பொறுத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் காரைத் தொட நேரமில்லை என்பவர்கள் செராமிக் பூச்சுக்குப் போகலாம், அதில் தவறில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்க முடிந்தவர்கள் நடுத்தர விலையில் ஒரு கலப்பு கார்னௌபா டப்பா வாங்குங்கள். விலை உயர்ந்த டப்பாவுக்கு என்று வைத்திருந்த மீதிப் பணத்தில் இரண்டு வாளியும், ஒரு களிமண் கட்டியும், ஆறு நல்ல மைக்ரோஃபைபர் துணிகளும் வாங்கிவிடுங்கள்.