கம்பு மாவில் போளி தட்ட முடியுமா?

இன்று நாம் அடுப்படிக்குப் போகிறோம். சும்மா போகவில்லை, ஒரு கேள்வியோடு போகிறோம்.

குளத்தூர், விளாத்திகுளம், கோவில்பட்டி என்று நம் கரிசல் காட்டில் கம்பும் சோளமும் விளைகின்றன. ஆனால் நல்ல நாளில் போளி செய்ய அம்மா கம்பு மாவை எடுப்பதில்லை. வெளியூரிலிருந்து வருகிற மைதாவையோ கோதுமை மாவையோதான் எடுக்கிறார். ஏன்?

“கம்பு மாவு விண்டு போகும் மாமா” என்கிறீர்களா? சபாஷ்! அது சரியான பதில். ஆனால் கெட்டிக்காரப் பிள்ளைகளான நீங்கள் அதோடு விடமாட்டீர்கள். ஏன் விண்டு போகிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்பீர்கள்.

கோதுமையில் இரண்டு வகைப் புரதங்கள் இருக்கின்றன. ஒன்று குளூட்டனின், இன்னொன்று கிளியாடின். காய்ந்த மாவில் இரண்டும் தனித்தனியாகக் கிடக்கும். தண்ணீர் விட்டுப் பிசைந்ததும் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும். அந்தப் பின்னலுக்குக் குளூட்டன் என்று பெயர்.

நம் ஊர்ப் பருத்தியை நினைத்துப் பாருங்கள். பஞ்சை இழுத்தால் பிய்ந்து கையோடு வரும். அதே பஞ்சைக் கோவில்பட்டி நூற்பாலையில் முறுக்கினால் நூலாகிறது, இழுத்தாலும் தாங்குகிறது. மாவைப் பிசைகிற கையும் அப்படித்தான் வலுவை ஏற்றுகிறது.

இதுவரை புரிந்ததா? சரி, மேலே போவோம்.

குளூட்டனின் மாவுக்கு உறுதி தருகிறது. கிளியாடின் இழுத்த பக்கம் நீண்டு கொடுக்கிறது. இரண்டும் சேர்ந்ததால்தான் வாழை இலையில் வைத்துத் தட்டும்போது மாவு கிழியாமல் விரிகிறது, உள்ளே இருக்கும் பூரணத்தைப் பொத்தி வைக்கிறது. கம்பிலும் புரதம் உண்டு. இரும்புச் சத்தில் அது மைதாவை மிஞ்சும். ஆனால் கம்பின் புரதம் இப்படிப் பின்னிக்கொள்ளாது. அதனால் கம்பைக் கூழாகக் காய்ச்சினார்கள், களியாகக் கிண்டினார்கள், கனமான ரொட்டியாகத் தட்டினார்கள். தானியத்தின் குணம் அறிந்து சமைத்த பாட்டிமார்களை நான் ஆராய்ச்சியாளர்கள் என்றே சொல்வேன்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். நீங்களே செய்து பாருங்கள். ஒரு கைப்பிடி மைதாவைப் பிசைந்து உருட்டி, அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு ஒரு கிண்ணத் தண்ணீருக்குள் வைத்து மெதுவாகப் பிசையுங்கள். தண்ணீர் பால்போல் வெளுக்கும். வெளுக்க வைப்பது மாவுச்சத்து. தண்ணீரை மாற்றி மாற்றிப் பிசைந்தால், கடைசியில் இழுவையாக ஒரு சிறு உருண்டை கையில் மிஞ்சும். குளூட்டனை இப்போது கையிலேயே பிடித்திருக்கிறீர்கள்! கம்பு மாவிலும் இதையே செய்யுங்கள். மொத்தமும் கரைந்து போகும், கையில் உருண்டை எதுவும் நிற்காது. இத்தாலியில் போலோஞா நகரத்து பெக்காரி என்ற அறிஞர் கோதுமை மாவை இப்படிக் கழுவித்தான் குளூட்டனைப் பிரித்தார். அவருடைய கட்டுரை 1745-இல் அச்சானது.

போளிக்குப் பிசைந்த மாவில் நல்லெண்ணெய் விட்டு ஏன் இரண்டு மணி நேரம் ஊற வைக்கிறார்கள்? பிசைந்த உடனே மாவு விறைப்பாக இருக்கும், தட்டினால் சுருங்கும். ஊறும்போது தண்ணீர் எல்லா இடத்துக்கும் பரவும், விறைப்பும் தளரும். எண்ணெய் மேல்மாவைக் காயாமல் காக்கும்.

இனி பூரணம். இங்கேதான் நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது.

கரிசல் காட்டில் பல கிணறுகளில் உப்புக் கலந்த கடினத் தண்ணீர். அதில் பூரணத்துக்கான கடலைப்பருப்பைப் போட்டால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் விறைத்தே நிற்கும். பருப்பின் செல்களை ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். அது கரைந்தால்தான் பருப்பு மலரும். கடினத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், நிறைய இருக்கும். அது பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். அதனால்தான் பருப்பு வேக வைக்க மட்டும் ஊருணித் தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ குடத்தில் தனியாக எடுத்து வைத்தார்கள். எவ்வளவு சரியான ஏற்பாடு பாருங்கள்!

வெல்லத்தை முதலிலேயே போட்டாலும் பருப்பு சரியாக வேகாது. வெல்லத்திலும் கால்சியம் உண்டு. இனிப்பும் பருப்பு குழைவதைத் தாமதப்படுத்தும். அதனால் பருப்பை விரலால் நசுக்கினால் மசியும் பதத்துக்கு வேக வைத்து, தண்ணீரை நன்றாக வடித்த பிறகே வெல்லமோ கருப்பட்டியோ சேர்க்க வேண்டும். வெல்லம் உருகினால் பூரணம் இளகும். சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளறுங்கள். ஏலக்காய், தேங்காய்த்துருவல் போட்டு அரைத்து, ஆறியதும் உருட்டுங்கள். இளகிய பூரணம் எந்த மாவையும் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

தோசைக்கல்லில் போட்டதும் போளி உப்புகிறதே, கவனித்திருக்கிறீர்களா? உள்ளே இருக்கும் ஈரம் 100 டிகிரி செல்சியஸில் ஆவியாகிறது. ஆவிக்குத் தண்ணீரைவிடப் பல நூறு மடங்கு இடம் வேண்டும். வெளியேற வழி இல்லாததால் அது மாவைத் தூக்குகிறது. மேலே விழும் பழுப்புப் புள்ளிகளும் அந்த மணமும் சர்க்கரையும் புரதமும் சூட்டில் வினை புரிவதால் வருபவை.

முழுக் கோதுமை மாவில் தட்டினால் போளி சற்றுக் கனமாக வரும். தவிட்டுத் துணுக்குகள் குளூட்டன் பின்னலை அங்கங்கே அறுப்பதுதான் காரணம். கம்பு மாவோடு கோதுமை மாவைக் கலந்தால் என்ன ஆகும்? எந்த அளவுவரை கம்பைக் கூட்டலாம்? இந்த விடையை நான் சொல்லப் போவதில்லை. கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று கம்பைக் கூட்டித் தனித்தனி உருண்டையாகப் பிசைந்து, தட்டிப் பாருங்கள். எது எங்கே விண்டது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுப்புப் பக்கம் போகும்போது மட்டும் பெரியவர்கள் கூட இருக்க வேண்டும். கண்டுபிடித்ததை எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.