மணிக்கட்டும் மணிக்கூடும்

மணிக்கூடு கட்டும் இடமாதலின் ‘மணிக்கட்டு’ என்னும் பெயர் வந்தது என்று மாணவன் ஒருவன் வகுப்பிற் கூறினால், அவனை உடனே கடிந்துகொள்ளுதல் ஆகாது. பொருள் அத்துணைப் பொருத்தமாக அமைந்து கிடக்கின்றது. ஆயினும் சொல் மணிக்கூட்டினும் மூத்தது. வடமொழியில் மணிபந்தம் என்பதும் இவ்விடத்தையே குறிக்கும். மணிகளைக் கட்டும் இடம் என்பது அதன் கருத்து. கடகமும் வளையும் காப்பும் நெடுங்காலம் ஆண்டுவந்த அவ்விடத்துக்கு மணிக்கூடு நேற்று வந்த விருந்தாளியே. அவ்விருந்தாளி அங்கே எவ்வாறு அமர்தல் வேண்டும் என்பதனை நம்மவர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நேப்பிள்ஸ் நாட்டு அரசி கரோலின் மூராவுக்காகப் பாரிஸ் நகரத்துப் பிரெகே என்பார் 1810 இல் தொடங்கி 1812 இல் முடித்த மணிக்கூட்டினைக் கையில் அணியும் மணிக்கூடுகளின் முன்னோடி என்பர். பொன்னிழையோடு கேசத்தையும் சேர்த்துப் பின்னிய பட்டையே அதற்கு வாராக அமைந்தது. ஆடவரோ அதனைப் பெண்டிர்க்குரிய அணி என எண்ணித் தம் மணிக்கூட்டைச் சங்கிலியிற் கோத்துச் சட்டைப்பையில் இட்டுத் திரிந்தனர். 1914 இல் உலகப்போர் மூண்டது. பதுங்குகுழியில் நின்ற வீரனுக்குப் பையைத் துழாவ நேரம் ஏது? போர் முடிந்தபோது மணிக்கூடு ஆடவர் கையிலும் நிலைத்துவிட்டது.

சட்டைப்பை மாறாது, கை மாறும். இதனை நம் சங்கப் புலவர் நன்கறிந்திருந்தனர். தலைவனைப் பிரிந்த தலைவியின் வளை நெகிழ்ந்து கழல்வதை அகப்பாடல்கள் மீண்டும் மீண்டும் கூறுகின்றன. உயர்வு நவிற்சி என்று அதனை ஒதுக்கிவிடலாகாது. உண்மையொன்றன் மேல் எழுந்த நவிற்சியே அது. வெப்பத்தில் இரத்தக் குழாய்கள் விரிய, நீர் தசையில் தங்கிக் கை சிறிது பருக்கும், குளிரிற் சுருங்கும். நுவரெலியாவில் தளர்ந்து கிடக்கும் வார் சித்திரை மாதத்து யாழ்ப்பாண நண்பகலில் இறுகி நிற்பது இதனாலேயே. குளிரூட்டிய கடையில் அளவு பார்த்து வாங்குவோர், வெய்யிலிற் சிறிது நடந்து வந்து மறுபடியும் பார்த்தல் நன்று.

கையின் புறத்தே, சிறுவிரற் பக்கத்தில் ஓர் என்பு புடைத்து நிற்கின்றது. மணிக்கூடு அதன்மேல் இருத்தலாகாது. அதனைக் கடந்து முழங்கைப் பக்கமாகச் சற்றே தள்ளி இருத்தல் வேண்டும். கீழே வழுகுமாயின் இடக்கையில் அணிவார்க்குச் சாவி கொடுக்கும் குமிழ் புறங்கையில் அழுந்தும். பூட்டிய வாரின் கீழ்ச் சிறுவிரல் நுழைதல் வேண்டும். கையை உதறும்போது மணிக்கூடு உருண்டு உள்ளங்கைப் பக்கம் வந்தால் தளர்வு மிகுதி. கழற்றிய பின்னும் தோலிற் பள்ளம் நெடுநேரம் நின்றால் இறுக்கம் மிகுதி.

இறுக்கத்தால் வருவது வெறுந் தடம் மட்டுமன்று. பெருவிரற் பக்கமாக, தோலுக்கு மிக அண்மையில், உணர்ச்சி நரம்பு ஒன்று ஓடுகின்றது. அது நசுங்குமாயின் பெருவிரலின் புறத்தே மரத்தலும் எரிவும் தோன்றும். வார்ட்டன்பேர்க் என்னும் மருத்துவர் 1932 இல் இந்நோயை விரித்து எழுதினார். அதன் காரணங்களை எண்ணும் மருத்துவ நூல்கள், இறுகிய மணிக்கூட்டு வாரையும் கைவிலங்கையும் ஒருங்கு வைத்தே எண்ணுகின்றன! எழுதும் கையிலேயே மணிக்கூட்டை இறுகக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் பரீட்சை எழுதும் மாணவர், விரல் மரத்தாற் பேனாவைப் பழிக்கின்றனர்.

மலிவான கொளுக்கிகளில் உள்ள நிக்கல் வியர்வையிற் கரைந்து சிலர் தோலில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். தோலை நெடுநேரம் தொட்டிருக்கும் பொருள்களிலிருந்து அது வெளிப்படும் அளவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1994 இற் சட்டத்தால் எல்லை வகுத்தது.

இக்காலத்து இளைஞர் அணியும் திறன் கைக்கடிகாரம் நாடித் துடிப்பையும் அளக்கின்றது. அதன் அடியிலிருந்து எழும் பச்சை ஒளியைக் குருதி உறிஞ்சும் அளவு, துடிப்புக்குத் துடிப்பு வேறுபடுதலே கணக்குக்கு அடிப்படை. தளர்ந்திருந்தால் வெளியொளி புகுந்து கணக்கைக் கெடுக்கும். மிக இறுகினால் அவ்விடத்துக் குருதியோட்டமே குறைந்து கணக்குப் பிழைக்கும். தளர்வும் இறுக்கமும் முன்பு அணிந்தவன் கையை வருத்தின. இப்போது அவன் நாடியின் கணக்கையும் பொய்யாக்குகின்றன.

தந்தையார் விட்டுச்சென்ற மணிக்கூட்டை அணியும் மைந்தர் நம்மிடையே பலர். தந்தையின் கை பருத்தது, மகன் கை மெலிந்தது எனில், பழைய வாரிலேயே ஆணியால் துளையிட்டுக் கட்டிக்கொள்கின்றனர். கோணலாய் விழுந்த துளையால் வார் ஒருபுறம் இழுக்க, மணிக்கூடு சரிந்து கிடக்கின்றது; எஞ்சிய வார் நுனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றது. நாளடைவில் அத்துளை கிழியவே, மணிக்கூடு கிணற்றுக்கட்டில் விழுந்து உடைவதும் உண்டு. மணிக்கூட்டின் காதுகளுக்கு இடையிலுள்ள அகலத்தை, பெரும்பாலும் 18 அல்லது 20 மில்லிமீற்றர், அளந்து அதற்கேற்ற குறுகிய நீளமுள்ள வார் கேட்டால் திருத்துவோரே மாற்றித் தருவர். நினைவு மணிக்கூட்டில் இருக்கின்றது, வாரில் அன்று. வாரையும் விட மனமில்லாதோர் அதனைத் துடைத்து, தாளிற் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.