சிறைச்சாலைச் செங்கல்லில் எழுந்த நீதிமன்றம்

சட்டம் என்றால் அது சட்டத்தரணிமாரின் விஷயம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். தென்னாபிரிக்காவின் ஜொஹன்னஸ்பேர்க் நகரிலுள்ள அரசியலமைப்புக் குன்றைப் பார்த்துவிட்டு வருபவர் அப்படி எண்ணமாட்டார்.

இன்று நூதனசாலையாக இருக்கும் அவ்விடம், 1983 வரை சிறைச்சாலை. காந்தியும் நெல்சன் மண்டேலாவும் அங்கே அடைபட்டிருந்தார்கள். பெண்களுக்கென்று தனிச்சிறையும் இருந்தது. வின்னி மண்டேலாவும் அல்பர்ட்டினா சிசுலுவும் அதில் இருந்தவர்களே. கையில் அனுமதிப் புத்தகம் இல்லை என்பதற்காகவே கறுப்பினப் பெண்கள் பலர் அதற்குள் தள்ளப்பட்டார்கள்.

1996இல் அந்நாட்டுக்குப் புதிய அரசியலமைப்பு வந்தது. சிறையின் ஒரு பகுதியை இடித்து, அதே செங்கற்களையும் சேர்த்து அரசியலமைப்பு நீதிமன்றத்தைக் கட்டினார்கள், 2004இல் திறந்தார்கள். அதன் பெரிய மரக்கதவில் 27 உரிமைகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. நீதிபதிகளின் ஆசனங்களுக்குப் பின்னால் ஒரு நீண்ட ஜன்னல். வெளியே தெருவில் நடப்போரின் கால்கள் அதனூடே தெரியும். நீதிபதி மக்களுக்கு மேலானவர் அல்லர் என்பதை அது நினைவூட்டுகிறது.

உரிமையின் அருமை அதை இழந்தவர்களுக்குத்தான் தெரியும். “உரிமை என்றால் என்ன, உம்மா?” என்று நாளை உங்கள் பிள்ளை கேட்டால், பாடப் புத்தகத்தைத் தேடாதீர்கள். அந்தச் செங்கற்களின் கதையைச் சொல்லுங்கள். தாய் அறிந்தால் வீடே அறியும்.